செய்தி வாசிக்கிறவங்களுக்குக் கால் உண்டா?

தலைப்பைப் பார்த்து சிரிச்சிருப்பீங்க. ஆனா 1976-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி, பிரிட்டனில் கோடிக்கணக்கான பேர் டிவி முன்னாடி உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஆச்சரியப்பட்ட விஷயம் இதுதான். பிபிசியில் ராத்திரி 9 மணிச் செய்தி வாசிக்கும் ஏஞ்சலா ரிப்பன் அன்னிக்கு மோர்கம்ப் அண்ட் வைஸ் என்கிற நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். வழக்கம்போல மேசைக்குப் பின்னால் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறார். திடீர்னு இசை ஆரம்பிக்குது. மேசையை விட்டு எழுந்து வெளியே வருகிறார். நீளமான பாவாடை விலக, காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடுகிறார். மறுநாள் நாடு முழுக்க அதே பேச்சு. "அட, அந்தம்மாவுக்குக் கால் இருக்கு!"

நகைச்சுவைதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தரைத் தினமும் வீட்டுக்குள்ள பார்க்கிறோம். அவங்களுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்குங்கிறதே நமக்கு மறந்துபோயிருக்கு. இன்னிக்குப் பேசப்போறது அந்த உடம்பைப் பற்றித்தான். செய்தி மேசையில் யாருடைய உடம்பு உட்காரலாம், எத்தனை வயசு வரைக்கும் உட்காரலாம், அதை யார் முடிவு பண்றாங்க? ஏஞ்சலா ரிப்பன் கதை வழியா போய் நம்ம ஊருக்கு வந்து சேருவோம். (சென்னையில் இருக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: ரிப்பன் மாளிகைக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது.)

உடம்பில்லாத குரல்

எனக்கு ஊர் உளுந்தூர்பேட்டை. உங்களில் பல பேருக்கு அது பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மாட்டிக்கிற டோல்கேட். "உளுந்தூர்பேட்டை அருகே வாகனங்கள் அணிவகுப்பு"ன்னு வருஷா வருஷம் செய்தியில் எங்க ஊர் பேர் அடிபடும். சேலத்துக்குத் திரும்புற ரோடும் திருச்சிக்கு நேரா போற ரோடும் பிரியிற இடம். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்.

இந்த 200 கிலோமீட்டர் முக்கியம். சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஆரம்பிச்சது. ஆனா டிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைவு குறுக்கே வந்ததும் தொடர்பு அறுந்துடும். எவ்வளவு உயரமான கோபுரம் கட்டினாலும் ஒரு தூரத்துக்கு மேல படம் கிடைக்காது. 1984-இல் மத்திய அரசு நாளுக்கு ஒன்று என்கிற வேகத்தில் சின்ன ஒளிபரப்பு நிலையங்களைத் திறந்துக்கிட்டே போன பிறகுதான் டிவி என்பது பெருநகரத்துச் சாமான் என்கிற நிலைமை மாறுச்சு. அதுவரைக்கும் எங்க ஊர் மாதிரி இடங்களுக்கு நியூஸ்னா வானொலிதான். எங்க வீட்டுப் பெரியவங்க இன்னிக்கும் காலை 7.15 மணி டெல்லி செய்தியைப் பற்றிப் பேசுவாங்க. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி." இந்த ஒரு வரிக்குத் தமிழ்நாடே தலைநிமிர்ந்து உட்காரும்.

அந்தக் குரலுக்கு என்ன வயசு? சிவப்பா, கறுப்பா? பட்டுப்புடவையா, பருத்திப்புடவையா? யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. உச்சரிப்பு சுத்தமா இருக்கா, மூச்சு எங்கே விடுறாங்க, ஒரு சாவுச் செய்தியைச் சொல்லும்போது குரலை எவ்வளவு இறக்குறாங்க, இதுதான் கணக்கு. 2022 ஆகஸ்டில் அவர் காலமானபோது பல பேர் அஞ்சலிக் குறிப்புகளில்தான் அவர் முகத்தையே முதன்முதலா பார்த்தாங்க. ஒரு மாநிலத்துக்கே பழக்கமான ஒருத்தர், முகம் தெரியாமலேயே ஒரு முழு வாழ்க்கைத் தொழிலை முடிச்சிருக்கார்.

டிவி வந்ததும் இந்தச் சலுகை போச்சு. குரலோட சேர்ந்து முகமும் வந்தது. முகத்தோட தலைமுடி, காதில் போட்டிருக்கிறது, புடவை, வயசு எல்லாமே வந்தது.

"பெண் வாசிச்சா நம்ப முடியலை"

பிரிட்டனுக்குப் போவோம். அங்கே டிவியில் செய்தி வாசித்த முதல் பெண் பார்பரா மாண்டெல். 1955-இல் ஐடிஎன் நிறுவனத்தின் மதியச் செய்தி. பிபிசிக்கு வந்த முதல் பெண் நான் விண்டன். 1960-இல் தேசியச் செய்தி வாசிக்க உட்கார்த்தினாங்க. அவர் ஏற்கனவே அனுபவமுள்ள பத்திரிகையாளர். வாசிப்பில் குறை கிடையாது. ஆனா பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டப்போ, ராத்திரிச் செய்தியை ஒரு பெண் வாசிப்பதை ஏத்துக்க முடியலைன்னு பதில் வந்தது. சில மாதங்களில் அவரை எடுத்துட்டாங்க.

பார்வையாளர்கள் எதைக் குறை சொன்னாங்கன்னு கவனிங்க. தப்பா வாசிச்சாங்கன்னு சொல்லலை. வாசிக்கிற உடம்பு பெண்ணுடையதுங்கிறதுதான் குறை. போர், பட்ஜெட், பிரதமர் ராஜினாமா மாதிரி கனமான விஷயத்துக்கு ஆம்பளைக் குரல் வேணும்னு ஒரு நினைப்பு. பெண் என்றால் சமையல் நிகழ்ச்சி, குழந்தைகள் நிகழ்ச்சி, "அடுத்த நிகழ்ச்சி..."ன்னு அறிவிப்பு.

இதுக்கப்புறம் பிபிசி இன்னொரு பெண்ணை அந்த மேசையில் நிரந்தரமா உட்கார்த்த 15 வருஷம் ஆச்சு. அவர்தான் நம்ம ஏஞ்சலா ரிப்பன்.

பிளிமத்திலிருந்து 9 மணிச் செய்திக்கு

1944 அக்டோபர் 12, பிளிமத் என்கிற துறைமுக நகரம். போர் இன்னும் முடியலை. அங்கேதான் ரிப்பன் பிறந்தார். சின்ன வயசில் பாலே நடனம் கத்துக்கிட்டார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேணும். 17 வயசில் பள்ளிப்படிப்பை முடிச்சு, உள்ளூர் பத்திரிகையில் புகைப்படப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எல்லாம் கிடையாது. அப்புறம் வாரப் பத்திரிகை, உள்ளூர் பிபிசி, உள்ளூர் தனியார் டிவின்னு கீழேயிருந்து ஒவ்வொரு படியா ஏறினார். 1973-இல் பிபிசியின் தேசியச் செய்திப் பிரிவுக்கு நிருபரா வந்தார். 1975-இலிருந்து 9 மணிச் செய்தி.

அவரைப் பற்றி எழுதினவங்க பெரும்பாலும் என்ன எழுதினாங்க? உடை, கொண்டை, கண். அவருக்குப் பக்கத்து மேசையில் செய்தி வாசிச்ச ஆண்களுடைய கோட் என்ன கலர்னு யாராவது எழுதியிருப்பாங்களா? இந்தச் சூழலில்தான் 1976 கிறிஸ்துமஸ் அழைப்பு வருது. இதை ரெண்டு விதமா பார்க்கலாம்.

ஒண்ணு: நாட்டின் மிக முக்கியமான செய்தி மேசையில் உட்கார்ந்த பெண்ணை, ரெண்டு வருஷத்துக்குள்ள காலைக் காட்டி ஆட வச்சுட்டாங்க. ஆண் செய்தி வாசிப்பாளர் ஒருத்தர் ஆடியிருந்தா அது வெறும் ஜோக். பெண் ஆடினா மறுநாள் தலைப்பு கால்களைப் பற்றி.

ரெண்டு: அந்த ஆட்டம் யாரோ சொல்லிக்கொடுத்து ரெண்டு நாளில் வந்தது இல்லை. சின்ன வயசு பாலே பயிற்சி. தனக்குத் தெரிஞ்ச ஒரு வித்தையை, தானே விரும்பி, முழுத் திறமையோட செஞ்சு காட்டினார். ஆடி முடிச்சுட்டுத் திரும்பப் போய் செய்தியும் வாசிச்சார். நம்பகத்தன்மை ஒண்ணும் குறைஞ்சுடலை.

நான் ரெண்டாவது பக்கம்தான் சாய்வேன். ஆனா முதல் பக்கத்தையும் விட்டுட முடியாது. ஏன்னா அந்த ராத்திரிக்கு அப்புறம் அவருடைய தொழிலே வேற வழியில் திரும்புச்சு.

உடம்பே முதலீடு

அடுத்த வருஷம், 1977-இல், யூரோவிஷன் பாட்டுப் போட்டியைத் தொகுத்து வழங்கினார். அதே வருஷம் டாப் கியர் என்கிற கார் நிகழ்ச்சி ஆரம்பிச்சப்போ அதன் முதல் தொகுப்பாளர்களில் ஒருத்தர். இன்னிக்கு டாப் கியர்னா உங்களுக்கு ஞாபகம் வர்ற ஆம்பளைங்களுக்கு எல்லாம் முன்னாடி அந்த ஸ்டீயரிங் பிடிச்சது ஒரு பெண். நடுவில் விக்டோரியா பிளம் என்கிற பாத்திரத்தை வச்சுக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகங்களும் எழுதினார்.

1980-களின் ஆரம்பத்தில் மேற்கு நாடுகளில் ஒரு அலை. வீட்டு ஹாலில், டிவி முன்னாடி, பெண்கள் இசைக்கு உடற்பயிற்சி பண்றது. 1981-இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சிப் புத்தகம் வருது, அடுத்த வருஷம் வீடியோ கேசட். பிரிட்டனில் அதே சமயம் இசைத்தட்டு வடிவத்தில் ஒரு வரிசை வந்தது. தட்டைச் சுழல விட்டா, பாட்டோட சேர்ந்து ஒரு குரல் "கையைத் தூக்கு, இடுப்பை வளை"ன்னு சொல்லும். அந்த வரிசையில் ஒரு தட்டு ஏஞ்சலா ரிப்பனுடையது. நேத்து வரைக்கும் வேலைநிறுத்தம், பணவீக்கம்னு வாசிச்ச அதே குரல். ஜனங்க வாங்கினாங்க, விற்பனைப் பட்டியலிலும் ஏறுச்சு. பின்னாடி ஐம்பதைக் கடந்த பெண்கள் உடம்பைப் பார்த்துக்கிறது பற்றிப் புத்தகமும் எழுதினார்.

நம்ம ஊரில் இதே காலத்தில் டிவியும் உடற்பயிற்சியும் சேர்ந்தது யோகா வழியா. தூர்தர்ஷனில் திரேந்திர பிரம்மச்சாரி. அங்கே குரு சொல்வார், நாம செய்வோம். ரிப்பன் மாதிரி ஆட்கள் கொடுத்தது வேற. "நான் உங்களுக்குத் தெரிஞ்ச ஆள், உங்க வீட்டுக்குத் தினமும் வர்றவ, வாங்க சேர்ந்து செய்யலாம்." செய்தி வாசிச்சுச் சேர்த்த நம்பிக்கையை வேற ஒரு கடையில் மாத்திக்கிற வேலை அது. இன்னிக்கு இன்ஸ்டாவில் நடக்கிற மொத்த பிசினஸுக்கும் இதுதான் அடித்தளம்.

ஏன் அப்படி மாத்திக்கணும்? அடுத்து நடந்ததைப் பாருங்க. 1983 பிப்ரவரியில் டிவி-ஏஎம் என்கிற காலை நிகழ்ச்சிச் சேனல் ஆரம்பிச்சது. பிரபலமான ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. அதில் ரெண்டு பெண்கள், ரிப்பனும் ஆனா ஃபோர்டும். பார்வையாளர்கள் வரலை, பணம் கரைஞ்சது. ஏப்ரல் மாதமே ரெண்டு பெண்களையும் நீக்கிட்டாங்க. ரிப்பன் அமெரிக்கா போய் பாஸ்டனில் ஒரு டிவியில் கலைச் செய்திகள் பார்த்தார். திரும்பி வந்து, 1988-இலிருந்து கம் டான்சிங் என்கிற நடன நிகழ்ச்சி. சின்ன வயசு பாலே மறுபடி சோறு போட்டது. ஐம்பதை ஒட்டிய வயசில், பிபிசி மேலிடத்திலிருந்து "உங்க காலம் முடிஞ்சது, இளையவங்களுக்கு வழிவிடுங்க" என்ற தொனியில் தனக்குச் சொல்லப்பட்டதா அவரே பின்னாடி பேட்டிகளில் சொல்லியிருக்கார்.

அப்போ அந்த உடற்பயிற்சித் தட்டும் புத்தகமும் வெறும் சைடு பிசினஸ் இல்லை. எப்ப வேணா காலை வாரிவிடக்கூடிய ஒரு தொழிலில், தன் கையில் இருக்கிற ஒரே சொத்தைப் பராமரிச்சு வச்சுக்கிட்டது.

நம்ம ஊர் மேசை

இப்போ தமிழுக்கு வருவோம். தூர்தர்ஷன் காலத்து ஆட்களைக் கேட்டா, ஷோபனா ரவி பேரைச் சொல்லாம விடமாட்டாங்க. கூடவே புடவையைப் பற்றியும் சொல்லுவாங்க. "நியூஸ் பார்க்கிறோமோ இல்லையோ, இன்னிக்கு என்ன புடவைன்னு பார்ப்போம்." பாசத்தோட சொல்றதுதான். ஆனா லண்டன் பத்திரிகைகள் ரிப்பனின் உடையைப் பற்றி எழுதினதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் கிடையாது.

அதே தூர்தர்ஷனில் செய்தி வாசிச்சவர் கவிஞர் ஈரோடு தமிழன்பன். அவர் தமிழ்ப் பேராசிரியர், பின்னாளில் சாகித்திய அகாதமி விருது வாங்கினவர். அவரை ஞாபகம் வச்சிருக்கிறவங்க உச்சரிப்பைச் சொல்வாங்க, தாடியைச் சொல்வாங்க. தாடி அவருக்கு ஒரு கம்பீரம். வயசு ஏறினா தாடிக்கு மதிப்பும் ஏறும். புடவைக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் செய்தி வாசிப்பு பல பேருக்கு முழுநேர வேலையே கிடையாது. தமிழன்பன் கல்லூரியில் பாடம் நடத்தினார். டெல்லியில் ஆங்கிலச் செய்தி வாசிச்ச தேஜேஷ்வர் சிங் பதிப்பகத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தார். நாடு முழுக்கத் தெரிஞ்ச முகம், ஆனா சம்பளத்துக்கு வேற இடம். நமக்கு அவங்க நட்சத்திரங்கள் மாதிரி தெரிஞ்சாங்க, அவ்வளவுதான்.

1993 ஏப்ரல் 14, சன் டிவி. அதுக்கப்புறம் ஆட்டமே மாறிப்போச்சு. நிர்மலா பெரியசாமி சொல்ற "வணக்கம்" ஒண்ணு போதும், ஸ்கூல் ஆண்டுவிழாவில் மிமிக்ரி பண்ற பசங்களுக்கு. ஒரு சொல்லையே அடையாளமாக்கினவர். தூர்தர்ஷனிலிருந்து ஜெயா டிவி வரைக்கும் செய்தி வாசிச்ச பாத்திமா பாபு சினிமா, சீரியல், அரசியல்னு போய், 2019-இல் பிக் பாஸ் வீட்டுக்குள்ளேயும் போனார். நிர்மலா பெரியசாமி 'சொல்வதெல்லாம் உண்மை' நடத்தினார், அரசியலுக்கும் வந்தார்.

ரிப்பனின் பாதையோட இதை வச்சுப் பாருங்க. செய்தியில் சேர்த்த நம்பிக்கையை வேற இடத்தில் மாத்திக்கிறது. அங்கே நடனம், உடற்பயிற்சி. இங்கே சீரியல், கட்சி மேடை. காரணம் ஒண்ணுதான்: மேசை நிரந்தரம் இல்லை.

எங்க தாலுகாவிலிருந்து ஒரு கேள்வி

இதுவரைக்கும் பேசினது "பெண் உட்காரலாமா"ங்கிற கேள்வி. அடுத்த கேள்வி எங்க ஊர்ப் பக்கத்திலிருந்தே வருது.

கூவாகம், உளுந்தூர்பேட்டை தாலுகாவில்தான் இருக்கு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் விழுப்புரம் மாவட்டம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயில் திருவிழா. போர்க்களத்தில் பலியாகப் போகும் அரவானுக்கு ஒரு ராத்திரி மனைவியா கிருஷ்ணனே மோகினியா வந்த கதை உங்களுக்குத் தெரியும். திருநங்கைகள் நாடு முழுக்க இருந்து வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் அறுத்து அழுவாங்க.

வருஷா வருஷம் அந்த ஒரு வாரம் கேமராக்கள் எங்க பக்கம் வரும். அலங்காரம், தாலி, அழுகை, குளோசப். பல வருஷம் தமிழ் செய்தியில் திருநங்கைகளுக்குக் கிடைச்ச இடம் அவ்வளவுதான்: ஒரு காட்சி. அவங்க செய்திக்குள்ள இருக்கலாம், செய்தியைச் சொல்ற இடத்தில் இருக்க முடியாது. சினிமாவில் கேலிப் பாத்திரம், செய்தியில் வேடிக்கைப் படம்.

2008-இல் ரெண்டு விஷயம் நடந்தது. தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைச்சது. விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கினார். 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி அங்கீகரிச்சது. சரியா நாலு மாசம் கழிச்சு, 2014 ஆகஸ்ட் 15, சுதந்திர தினம். கோயம்புத்தூரில் லோட்டஸ் நியூஸ் சேனல். சாயங்காலம் 7 மணிச் செய்தி. வாசிச்சவர் பத்மினி பிரகாஷ். தினசரிச் செய்தி வாசிக்க வந்த இந்தியாவின் முதல் திருநங்கை.

அவர் கதையும் எளிது இல்லை. சின்ன வயசிலேயே வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்னது. பரதநாட்டியம் கத்துக்கிட்டார், கத்துக்கொடுத்தார், அழகிப் போட்டிகளில் ஜெயிச்சார், சீரியலில் நடிச்சார். அதுக்கப்புறம்தான் இந்த மேசை.

பாலேவை ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னேன் இல்லையா? இதுக்குத்தான். ஒருத்தர் பாலே, இன்னொருத்தர் பரதம். ரெண்டு பேருமே முதுகை நேரா வச்சு, மூச்சைக் கட்டுப்படுத்தி, ஆயிரம் கண் பார்க்கும்போது முகம் மாறாம நிற்கப் பழகினவங்க. செய்தி வாசிப்புக்கு வேண்டிய பயிற்சி இதுதான். அந்த உடம்பைச் சாக்கா வச்சுத்தான் உலகம் அவங்களைத் தள்ளி வச்சது. அதே உடம்பைப் பழக்கி அவங்க திரும்பி வந்தாங்க.

பத்மினி பிரகாஷ் அன்னிக்கு வாசிச்சது அன்றாடச் செய்திகள்தான். அதுதான் விஷயமே. திருநங்கைகளைப் பற்றிய செய்தியைத் திருநங்கை வாசிக்கலை. ஊர்ச் செய்தியை ஒரு செய்தி வாசிப்பாளர் வாசிச்சார்.

வயசாக யாருக்கு அனுமதி?

உள்ளே நுழையிறது ஒரு சண்டை. உள்ளேயே இருந்து வயசாகுறது அடுத்த சண்டை. எனக்கு ரெண்டாவதுதான் பெரிசாத் தெரியுது.

பிபிசியில் கன்ட்ரிஃபைல் என்கிற கிராமப்புற நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மிரியம் ஓ'ரெய்லி. நிகழ்ச்சியை முக்கியமான நேரத்துக்கு மாத்தும்போது ஐம்பதைத் தாண்டிய அவரை எடுத்துட்டாங்க. வழக்குப் போட்டார். 2011 ஜனவரியில் தீர்ப்பாயம் வயசுப் பாகுபாடு நடந்தது உண்மைன்னு சொன்னது. தலை நரைச்ச ஆண்கள் "அனுபவசாலி", பெண்கள் "மாற்றம் தேவை". இதில் வயசுப் பக்கத்தையாவது ஒரு பெரிய நிறுவனத்துக்கு எதிரா சட்டத்தின் வாயால் சொல்ல வச்சார்.

ரிப்பன் வழக்குப் போடலை. அவர் வழி வேற. 2016-இல் இளமையா இருப்பது எப்படின்னு பிபிசிக்கே ஒரு அறிவியல் நிகழ்ச்சி பண்ணினார், ஒரு டாக்டரோட சேர்ந்து. 2023-இல் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் என்கிற நடனப் போட்டிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே காலைத் தன் துணை ஆட்டக்காரரின் தோளுக்கு மேலே தூக்கினார். போட்டி நடந்துக்கிட்டிருக்கும்போதே 79 வயசு முடிஞ்சது. அந்த நிகழ்ச்சி வரலாற்றில் அவ்வளவு வயசில் யாரும் ஆடினது கிடையாது. ஒன்பதாவது வாரம் வரைக்கும் தாக்குப்பிடிச்சார்.

இதைப் பார்த்துக் கைதட்டாம இருக்க முடியாது. நானும் அந்த வீடியோவைப் பல தடவை பார்த்திருக்கேன். ஆனா கைதட்டும்போதே ஒரு உறுத்தல். 79 வயசிலும் காலைத் தலைக்கு மேல தூக்க முடிஞ்சாத்தான் டிவியில் வயசாக அனுமதியா? முட்டிவலி இருக்கிற 60 வயசு அம்மா செய்தி வாசிக்கக் கூடாதா? வாசிக்கிறதுக்கு முட்டி எதுக்கு? ஃபிட்னஸ் என்பது உடம்பை நல்லா வச்சுக்கிறதுங்கிறதிலிருந்து நழுவி, வேலையில் நீடிக்கிறதுக்கான நுழைவுச்சீட்டா மாறும்போது அது வேற ஒரு சுமை.

இந்த இடத்தில் ரிப்பனை வெறும் "எவர்க்ரீன்" ஆளா மட்டும் பார்க்கிறதும் அநியாயம். அவருடைய அம்மா டிமென்ஷியா என்கிற மறதி நோயால் பாதிக்கப்பட்டு 2009-இல் இறந்தார். அதுக்கப்புறம் அந்த நோயாளிகளுக்காகவும், பார்த்துக்கிறவங்களுக்காகவும் பல வருஷமா வேலை செய்யறார். கடைகள், வங்கிகள், பஸ்கள் மறதி உள்ளவங்களுக்கு ஏற்ற மாதிரி மாறணும்னு அரசாங்கத்தோட சேர்ந்து இயங்கினார். உடம்பைப் பேணுங்கன்னு சொன்ன அதே ஆள், பேணினாலும் கைவிட்டுப் போகும் உடம்புகளுக்கும் இடம் வேணும்னு சொல்றார். அவர் தொழிலில் எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், 1976-ஐ விடவும்.

வயசே ஆகாத செய்தி வாசிப்பாளர்

கடைசியா ஒரு விஷயம், இது உங்க காலத்துச் செய்தி. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாயிகள் சேனலான டிடி கிசான் ரெண்டு செயற்கை நுண்ணறிவு செய்தி வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்துச்சு. பேர் கிருஷ், பூமி. 50 மொழிகளில் பேசக்கூடியவங்கன்னு அறிவிப்பு. அதுக்கு முந்தின வருஷமே தனியார் சேனல்கள் இந்தி, ஒடியா மொழிகளில் ஆரம்பிச்சாச்சு.

சம்பளம் கிடையாது, லீவ் கிடையாது, கர்ப்பம் கிடையாது, நரை கிடையாது. இந்த உருவங்களுக்கு ஒரு உடம்பு வரைஞ்சு கொடுத்திருக்காங்களே, அதைக் கவனிங்க. இளமையா, பளிச்சுன்னு, மேசைக்கு மேலே பாதி மட்டும். நான் விண்டனைத் துரத்தின அதே நினைப்பு, ஓ'ரெய்லியை எடுத்த அதே நினைப்பு, இப்போ மென்பொருளா வந்து உட்கார்ந்திருக்கு. சண்டை போட்டு உள்ளே வந்த எல்லா உடம்பையும் ஓரங்கட்டுறதுக்கு உடம்பே இல்லாத ஒண்ணு.

தொழில்நுட்பம் வேணாம்னு நான் சொல்லலை. எங்க ஊருக்குக் கோபுரம் வராம இருந்திருந்தா இந்த எபிசோடே இல்லை. மழை எச்சரிக்கையை 50 மொழியில் சொல்லட்டும், நல்லதுதான். ஆனா ஒரு செய்தியைச் சொல்ற ஆளுக்கு அந்தச் செய்தி வலிக்கக்கூடிய உடம்பு ஒண்ணு இருக்கணுமா, வேணாமா? சரோஜ் நாராயணஸ்வாமிக்கு முகம் தெரியலை, ஆனா மூச்சு இருந்தது. அந்த மூச்சை நம்பித்தான் ஜனங்க உட்கார்ந்து கேட்டாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்க: அவங்களுக்கு ஞாபகம் இருக்கிற செய்தி வாசிப்பாளர் யார், என்ன ஞாபகம் இருக்கு, எப்போ அவங்க காணாம போனாங்க? பதிலில் புடவை எத்தனை தடவை வருது, குரல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்த்துப் பேசலாம்.